மைய நிர்வாகப் பதிவுகள் அழிந்த பிறகு ஐபி முகவரி லீஸ் லாக்குகளைத் தேடி எடுப்பது: முழுமையான வழிகாட்டி

ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நிமிடத்தில், ஓர் ஐபி முகவரி எந்தக் கணினியிடம் இருந்தது என்ற கேள்வி பெரும்பாலும் தாமதமாகத்தான் எழுகிறது. பாதுகாப்புக் குழு ஒரு சந்தேகமான இணைப்பைச் சில நாட்கள் கழித்துக் கண்டுபிடித்து, அதன் பின்னால் இருந்த சாதனம் எது என்று கேட்கும். அப்போது ஐபிஏஎம் போன்ற மைய முகவரி நிர்வாக அமைப்பைத் திறந்து பார்த்தால், அந்தக் காலத்துக்குரிய பதிவுகள் யாராலோ நீக்கப்பட்டிருக்கின்றன. தரவுத்தளத்தின் அளவைக் குறைப்பதற்காகப் பழைய நிகழ்வுகளைக் களையும் வசதி அந்த அமைப்பிலேயே இருப்பதால், தீய நோக்கம் எதுவும் இல்லாமலே இது நடக்கக்கூடும்.

மைய அமைப்பில் இருந்தது ஒரு சேகரிப்பு மட்டுமே என்பதை இந்த இடத்தில் நினைவில் கொள்ள வேண்டும். நெட்வொர்க்கில் சாதனங்களுக்கு முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபி சர்வர்தான் லீஸை, அதாவது குறித்த காலத்துக்கான முகவரி ஒதுக்கீட்டை, வழங்கியது. அதை முதலில் எழுதி வைத்ததும் அந்தச் சர்வர்தான். விண்டோஸ் சர்வர் 2012 பதிப்பில் அறிமுகமான ஐபிஏஎம், ஒவ்வொரு டிஹெச்சிபி சர்வரிலும் பகிரப்பட்ட தணிக்கைக் கோப்புறையிலிருந்து லாக்குகளைக் குறித்த இடைவெளிகளில் படித்து, தன் தரவுத்தளத்தில் சேர்த்துக்கொள்கிறது. பயனர் உள்நுழைவைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர்களிலிருந்தும், நெட்வொர்க் இணைப்பை அனுமதிக்கும் என்பிஎஸ் சர்வர்களிலிருந்தும் உள்நுழைவு நிகழ்வுகளையும் அது சேகரிக்கிறது. ஆகவே மையத்தில் களைந்தாலும் மூலம் கெடுவதில்லை. ஆனால் மூலத்தின் ஆயுள் மிகக் குறுகியது. ஐபிஏஎம் மூன்று ஆண்டுகள் வரை தரவைச் சேமிக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது; டிஹெச்சிபி சர்வரோ தன் தணிக்கை லாக்கை ஏழு நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. இந்த வழிகாட்டியில் உள்ள படிகளின் வரிசை முழுவதும் இந்த ஒரு காரணத்தால் தீர்மானிக்கப்பட்டது. எது முதலில் அழியுமோ அதை முதலில் காப்பாற்ற வேண்டும்.

முதற்படி: ஏழு கோப்புகளையும் உடனே நகலெடுங்கள்

வேறு எதையும் ஆராய்வதற்கு முன் டிஹெச்சிபி சர்வரில் விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32 கோப்புறையையும், அதற்குள் டிஹெச்சிபி கோப்புறையையும் திறங்கள். அங்கே கிழமைக்கு ஒன்றாக ஏழு லாக் கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றின் பெயரும் அந்தக் கிழமையின் ஆங்கில மூன்றெழுத்துச் சுருக்கத்தில் முடியும். ஐபிவி6 வழங்கும் சர்வராக இருந்தால் அதற்கென்று தனியாக இன்னோர் ஏழு கோப்புகள் இருக்கும். நிர்வாகி இருப்பிடத்தை மாற்றியிருக்கலாம் என்பதால், டிஹெச்சிபி மேலாண்மைச் சாளரத்தில் ஐபிவி4 பண்புகளைத் திறந்து, மேம்பட்ட அமைப்புகளில் தணிக்கை லாக்கின் பாதை எது என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவு 12 மணிக்குச் சர்வர் அன்றைய கோப்பை மூடிவிட்டு, அடுத்த கிழமைக்குரிய கோப்பைத் திறக்கிறது. அந்தப் பெயரில் போன வாரத்துக் கோப்பு ஏற்கெனவே இருக்கும். அது கடந்த 24 மணி நேரத்தில் மாறாமல் இருந்தால், சர்வர் அதன்மேல் புதிதாக எழுதத் தொடங்கிவிடும். இன்று செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொண்டால், போன புதன்கிழமையின் பதிவுகள் இன்று நள்ளிரவு வரைதான் இருக்கும். அனுமதிக் கடிதத்துக்காக ஓர் இரவு காத்திருந்து, தேவைப்பட்ட ஒரே நாளின் லாக்கை இழந்த அனுபவம் எனக்கு உண்டு. ஆராய்வதற்கு அனுமதி பின்னர் வரட்டும். ஆனால் நகலெடுத்துப் பூட்டி வைப்பதற்கான ஒப்புதலைத் தொலைபேசியிலாவது அன்றே பெற்று, அதை எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நகலெடுக்கும்போது கோப்பின் உருவாக்க நேரமும் மாற்ற நேரமும் கெடாமல் இருக்க ரோபோகாப்பி போன்ற கருவியைப் பயன்படுத்துவது நல்லது. நகலெடுத்த உடனே ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 ஹேஷ் மதிப்பை (கோப்பு பின்னர் மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்ணை) கணக்கிட்டு, நகலெடுத்தவர், நேரம், சர்வரின் பெயர் ஆகியவற்றோடு எழுதி வையுங்கள். இன்றைய லாக் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், நள்ளிரவுக்குப் பிறகு அதை மீண்டும் ஒருமுறை நகலெடுக்க வேண்டியிருக்கும். மைய அமைப்பிலும் வேறு இடங்களிலும் தானாக ஓடும் களையெடுப்புப் பணிகள் இருந்தால் அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள்.

அடுத்த படி: சர்வர்களின் முழுப் பட்டியல்

ஒரே சர்வரின் லாக்கை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வருவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நேரும் பிழை. விண்டோஸ் சர்வர் 2012 முதல் இரண்டு டிஹெச்சிபி சர்வர்களை ஃபெயில்ஓவர் இணையாக, அதாவது ஒன்று நின்றால் மற்றொன்று தொடரும்படி, அமைக்க முடிகிறது. சுமையைப் பகிரும் முறையில், எந்தச் சாதனத்துக்கு எந்தச் சர்வர் பதில் சொல்வது என்பது சாதனத்தின் அடையாளத்திலிருந்து கணக்கிடப்படும் ஹேஷால் தீர்மானமாகிறது. இரண்டு சர்வர்களும் லீஸ் தரவுத்தளத்தைத் தங்களுக்குள் ஒத்திசைத்துக்கொண்டாலும், தணிக்கை லாக்கை ஒவ்வொன்றும் தனித்தனியாகவே எழுதுகிறது. ஆகவே ஒரு சாதனம் முதலில் முகவரி வாங்கிய வரி ஒரு சர்வரிலும், அதன் புதுப்பித்தல் வரி மற்றொரு சர்வரிலும் இருக்கக்கூடும். நிறுவனத்தின் கணினி, பயனர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் அங்கீகரிக்கப்பட்ட டிஹெச்சிபி சர்வர்களின் பட்டியலை எடுத்து, ரூட்டர்களில் ரிலே அமைப்பு எந்தெந்த முகவரிகளுக்குக் கோரிக்கைகளை அனுப்புகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது பட்டியல்தான் அதிக நம்பகமானது, ஏனென்றால் கோரிக்கைகள் உண்மையில் எங்கே போயின என்பதை அதுவே காட்டுகிறது.

லாக்கைப் படிப்பது

ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் நிகழ்வு எண்களின் விளக்கம் இருக்கும். அதற்குக் கீழே காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வரிகள் வரும். நிகழ்வு எண், தேதி, நேரம், விளக்கம், ஐபி முகவரி, ஹோஸ்ட் பெயர் (சாதனத்தின் பெயர்), மேக் முகவரி (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) என்பது முதல் ஏழு புலங்களின் வரிசை. தேதியில் மாதம் முதலிலும் நாள் அடுத்தும் எழுதப்படுவதை மறக்க வேண்டாம். நேரம் சர்வரின் உள்ளூர் நேரத்தில் இருக்கும். பயனர் பெயருக்கென்று ஒரு புலம் இருந்தாலும் அது பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். ஆளை அடையாளம் காண வேறு சான்றுகள் தேவைப்படும்.

முகவரி வழங்கலைத் தேடுபவருக்கு வேண்டிய எண்கள் சிலவே. 10 என்பது புதிதாக லீஸ் வழங்கப்பட்டதையும், 11 என்பது ஏற்கெனவே இருந்த லீஸ் புதுப்பிக்கப்பட்டதையும், 12 என்பது சாதனமே முகவரியைத் திருப்பிக் கொடுத்ததையும் குறிக்கின்றன. 16 லீஸ் நீக்கப்பட்டதைச் சொல்கிறது. 17, 18 இரண்டும் லீஸ் காலாவதியானதைச் சொல்கின்றன. 13 என்ற எண் தனிக் கவனத்துக்குரியது: அந்த முகவரியை நெட்வொர்க்கில் வேறொரு சாதனம் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்ததாகச் சர்வர் கண்டறிந்தது என்று அது பொருள்படும். யாரோ கைமுறையாக முகவரியை அமைத்திருந்தால் லீஸ் லாக்கில் அந்தச் சாதனத்தின் பெயர் வராது. இந்த ஒரு வரி மட்டுமே அதன் தடயமாக இருக்கலாம். 30, 31, 32 ஆகியவை டிஎன்எஸ் புதுப்பிப்பைப் பற்றியவை. ஐபிவி6 லாக்கில் எண்கள் 11000 முதல் தொடங்குகின்றன. அங்கே சாதனத்தின் அடையாளம் டியூஐடி என்ற வேறொரு மதிப்பு.

தேடும்போது இரண்டு சிறிய விஷயங்கள் பெரிய தவறுகளைத் தவிர்க்கும். முதலாவது, 192.0.2.15 என்று வெறுமனே தேடினால் 192.0.2.150 முதல் 192.0.2.159 வரை அனைத்தும் வந்து கலந்துவிடும். ஆகவே முகவரியின் இரு பக்கமும் காற்புள்ளி சேர்த்துத் தேடுங்கள். இரண்டாவது, மேக் முகவரியை இந்த லாக் பிரிப்புக் குறிகள் இல்லாமல் பன்னிரண்டு எழுத்துகளாக எழுதுகிறது. விண்டோஸ் கணினி அதையே இணைகோடுகளுடனும், லினக்ஸ் முக்காற்புள்ளிகளுடனும், சில ஸ்விட்ச்கள் நான்கு எழுத்துகளுக்கு ஒரு புள்ளியுடனும் காட்டுகின்றன. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

வரி இல்லை என்பதாலேயே நிகழ்வு நடக்கவில்லை என்று முடிவு செய்ய முடியாது. தணிக்கை லாக்குக்கு மொத்த அளவு வரம்பு ஒன்று உண்டு. ஒரு நாளின் கோப்பு அந்த வரம்பில் ஏழில் ஒரு பங்கை எட்டிவிட்டால், அன்று மீதி நேரத்துக்குச் சர்வர் லாக் எழுதுவதை நிறுத்திவிடும், ஆனால் முகவரி வழங்குவதை நிறுத்தாது. வட்டில் இடம் குறைந்தாலும் அதே நிலைதான். அப்போது 02 என்ற எண் பதிவாகிறது. நாள் முடிவதற்கு வெகு முன்பே கடைசி வரி நின்றுவிட்ட கோப்பைக் கண்டால் அந்த நேரத்தைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

லீஸ் காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். விண்டோஸ் டிஹெச்சிபியில் இயல்பான லீஸ் காலம் 8 நாட்கள். டிஹெச்சிபி விதிகளை வரையறுக்கும் ஆர்எஃப்சி 2131 சொல்கிறபடி, சாதனம் லீஸ் காலத்தில் பாதி கடந்ததும் புதுப்பிக்க முயல்கிறது. அதாவது 4 நாட்களில். ஆகவே தொடர்ந்து இயங்கும் கணினிக்கு ஏழு நாள் லாக்கில் குறைந்தது 11 என்ற எண்ணுள்ள ஒரு வரியாவது இருக்க வேண்டும். லீஸ் காலத்தை 30 நாட்களாக யாராவது மாற்றியிருந்தால், பாதிக் காலமே 15 நாட்கள் ஆகிவிடுவதால், இயங்கிக்கொண்டே இருந்த கணினி ஏழு நாள் லாக்கில் ஒருமுறைகூடத் தோன்றாமல் போகலாம்.

லீஸ் தரவுத்தளம்

லாக்கில் கிடைக்காதபோது டிஹெச்சிபி தரவுத்தளத்தைப் பாருங்கள். இது அதே கோப்புறையில் இருக்கும் ஒரு ஜெட் தரவுத்தளம். இதில் வரலாறு இல்லை, நடப்பு நிலை மட்டுமே உண்டு. காலாவதியான லீஸ்கூட இயல்பாக 4 மணி நேரச் சலுகைக்குப் பிறகே நீக்கப்படுகிறது. பவர்ஷெல் மூலம் எல்லா லீஸ்களையும் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடப்பு நிலையிலிருந்தும் கடந்த காலத்தை ஓரளவு கணக்கிடலாம். ஒரு லீஸின் முடிவு நேரத்திலிருந்து அந்த ஸ்கோப்பின் (சர்வர் வழங்கும் முகவரி வரம்பின்) லீஸ் காலத்தைக் கழித்தால், அந்தச் சாதனம் கடைசியாகச் சர்வரோடு பேசிய நேரம் கிடைக்கும். முடிவு நேரம் 20-ஆம் தேதி காலை 10 மணி, லீஸ் காலம் 8 நாட்கள் என்றால், கடைசிப் புதுப்பித்தல் 12-ஆம் தேதி காலை 10 மணி. ஃபெயில்ஓவர் இணையில் மட்டும் இந்தக் கணக்கில் எச்சரிக்கை வேண்டும், ஏனென்றால் அங்கே புதிய சாதனத்துக்கு முதல் லீஸ் முழுக் காலத்துக்கு வழங்கப்படாமல், இயல்பாக 1 மணி நேரம் என்று அமைந்த குறுகிய காலத்துக்கு வழங்கப்படுகிறது.

இந்தத் தரவுத்தளத்தைச் சர்வர் 60 நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே பேக்கப் கோப்புறைக்குள் நகலெடுக்கிறது. சற்று முன் ஒரு ஸ்கோப்பையே யாராவது நீக்கிவிட்டார்கள் என்றால், அடுத்த சுற்று ஓடுவதற்குள் அந்தக் கோப்புறையை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட வேண்டும்.

பேக்கப்புகளில் தேடுவது

ஏழு நாட்களுக்கு முந்தைய நிகழ்வு என்றால் உங்கள் நம்பிக்கை பேக்கப்புகளில்தான். சிஸ்டம் வட்டின் முழு பேக்கப், மெய்நிகர் கணினியின் ஸ்னாப்ஷாட், வால்யூம் ஷேடோ நகல் ஆகிய மூன்றிலும் டிஹெச்சிபி கோப்புறை அப்படியே இருக்க வாய்ப்புண்டு. அவற்றை இயங்கும் சர்வரின்மேல் மீட்டெடுக்காதீர்கள். தனியொரு இடத்தில் படிப்பதற்கு மட்டும் என்று திறந்து, லாக் கோப்புகளை வெளியே எடுங்கள்.

எந்த பேக்கப்பில் எந்த நாள் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொண்டால் நேரம் மிச்சமாகும். செவ்வாய்க்கிழமை அதிகாலை 2 மணிக்கு எடுத்த பேக்கப்பில், போன புதன்கிழமை முதல் நேற்றுத் திங்கட்கிழமை வரை ஆறு முழு நாட்களும், இன்று நள்ளிரவுக்குப் பிந்தைய 2 மணி நேரமும் இருக்கும். போன செவ்வாய்க்கிழமையின் லாக் அதற்குள் மேலெழுதப்பட்டிருக்கும். வாரம் ஒருமுறை அதே நேரத்தில் பேக்கப் எடுக்கும் நிறுவனத்தில், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அதிகாலை 2 மணி முதல் நள்ளிரவு வரையிலான 22 மணி நேரம் எந்த பேக்கப்பிலும் கிடைக்காது. ஏழு நாள் லாக்குக்கு வாராந்தர பேக்கப் போதும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் இடைவெளி ஆறு நாட்களைத் தாண்டக் கூடாது.

மைய அமைப்பின் பழைய பேக்கப்பையும் விட்டுவிட வேண்டாம். ஐபிஏஎம் இயல்பாக விண்டோஸின் உள் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறது. 2012 ஆர்2 முதல் எஸ்க்யூஎல் சர்வரிலும் அதை அமைக்கலாம். நீக்கம் நடப்பதற்கு முந்தைய நாளின் பேக்கப்பை வேறொரு சோதனைச் சர்வரில் இணைத்து, முகவரித் தடமறிதல் நிகழ்வுகளை அதிலிருந்து எடுக்க முடிந்தால், பல மாத வரலாறு ஒரே இடத்தில் கிடைத்துவிடும். இயங்கும் தரவுத்தளத்தில் இடத்தைச் சுருக்கும் வேலை எதையும் அதுவரை செய்யக் கூடாது.

பல சர்வர்களின் லாக்குகளை ஒரே இடத்தில் சேகரிக்கும் அமைப்பு, அதாவது எஸ்ஐஇஎம் அல்லது சிஸ்லாக் சர்வர், உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பாதுகாப்புக் குழு நிறுவிய ஏஜென்ட் டிஹெச்சிபி லாக்கையும் அனுப்பிக்கொண்டிருந்தது சர்வர் நிர்வாகிக்குத் தெரியாமலே இருப்பது உண்டு.

பக்கச் சான்றுகள்

லீஸ் லாக் எங்குமே கிடைக்காவிட்டாலும், முகவரியையும் சாதனத்தையும் இணைக்கும் வேறு பதிவுகள் நெட்வொர்க்கில் சிதறிக் கிடக்கின்றன. இவற்றில் நான் முதலில் நாடுவது டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாக். அதில் 4768 என்ற நிகழ்வு, பயனர் கணக்கின் பெயரையும் அவர் எந்த ஐபி முகவரியிலிருந்து கெர்பரோஸ் டிக்கெட் (உள்நுழைவுச் சான்று) கேட்டார் என்பதையும் ஒரே வரியில் தருகிறது. கணினிகளுக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் கணக்கு உண்டு என்பதால், டாலர் குறியில் முடியும் கணக்குப் பெயர்களைத் தேடினால் முகவரிக்குரிய கணினியின் பெயரே கிடைத்துவிடும். 4624 நிகழ்விலும் மூல முகவரி உண்டு. இந்த லாக்கும் நிறைந்தால் மேலெழுதப்படும். பரபரப்பான டொமைனில் அது மிக விரைவில் நிறைந்துவிடும். ஆகவே முதல் நாளிலேயே இதையும் நகலெடுத்துவிடுங்கள்.

வயர்லெஸ் இணைப்பு என்றால் ரேடியஸ் (நெட்வொர்க் இணைப்பை அனுமதிக்கும் சேவை) கணக்குப் பதிவுகள் மதிப்பு மிக்கவை, ஏனென்றால் பயனர் பெயர், மேக் முகவரி, பல அமைப்புகளில் வழங்கப்பட்ட ஐபி முகவரி ஆகிய மூன்றும் ஒரே பதிவில் வருகின்றன. ஸ்விட்ச்களில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் (டிஹெச்சிபி செய்திகளைக் கண்காணிக்கும் வசதி) இயங்கினால், அதன் பிணைப்பு அட்டவணையில் ஐபி, மேக், போர்ட் எண் மூன்றும் இருக்கும். ஸ்விட்சின் மேக் அட்டவணை பொதுவாக 300 விநாடிகளில் மறந்துவிடுவதால், பழைய நிகழ்வுக்கு அது உதவாது. ஃபயர்வால், ப்ராக்ஸி லாக்குகளும் டிஎன்எஸ் பதிவுகளும் மேலே கிடைத்ததை உறுதிப்படுத்தப் பயன்படும்.

சந்தேகத்துக்குரிய கணினியே கையில் இருந்தால், அதன் ரெஜிஸ்ட்ரியில் ஒவ்வொரு நெட்வொர்க் இடைமுகத்தின் கீழும் கடைசியாகப் பெற்ற முகவரி, வழங்கிய சர்வர், லீஸ் பெற்ற நேரம், முடியும் நேரம் ஆகியவை இருக்கும். நேரங்கள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளாக, யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதப்பட்டிருக்கும்.

விண்டோஸ் அல்லாத சர்வர்கள்

ஐஎஸ்சி டிஹெச்சிபி சர்வர் தன் லீஸ் கோப்பின் முடிவில் ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்த்துக்கொண்டே போகிறது. ஒரே முகவரி பலமுறை வரும். கடைசியாக வருவதே நடப்பு நிலை, முந்தையவை வரலாறு. அவ்வப்போது சர்வர் இந்தக் கோப்பைச் சுருக்கிப் புதிதாக எழுதுகிறது. அப்போது பழையது, பெயரின் இறுதியில் டில்டே குறியுடன் அதே கோப்புறையில் நிற்கும். அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்வதற்கு முன் இரண்டையும் நகலெடுங்கள். இங்கே நேரங்கள் இயல்பாக யூடிசியில் இருக்கும். முழுமையான வரலாறு சிஸ்லாக்கில் கிடைக்கும். ஒவ்வொரு முகவரி வழங்கலும் அதில் ஒரு வரியாக எழுதப்படுகிறது, சுழற்றிச் சுருக்கப்பட்ட பழைய கோப்புகளையும் விரித்துத் தேட வேண்டும்.

கியா என்ற மற்றொரு டிஹெச்சிபி சர்வர் இயல்பாகச் சிஎஸ்வி கோப்பில் எழுதி, மணிக்கு ஒருமுறை அதைச் சுத்தம் செய்கிறது. அதில் காலாவதி நேரத்திலிருந்து செல்லுபடிக் காலத்தைக் கழித்தால் கடைசி வழங்கலின் நேரம் வரும். தடயவியல் லாக் எழுதும் கூடுதல் நூலகம் இயக்கப்பட்டிருந்தால் உங்கள் வேலை மிக எளிது.

காலவரிசையை அமைப்பது

கிடைத்த அனைத்தையும் ஒரே அட்டவணையில், யூடிசி நேரத்துக்கு மாற்றி எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எந்தக் கோப்பிலிருந்து வந்தது, அதன் ஹேஷ் என்ன என்பதையும் சேருங்கள். சர்வர்களின் கடிகாரங்களுக்கு இடையே எத்தனை விநாடி வித்தியாசம் என்பதை இன்றே அளந்து குறித்தால், பின்னால் இரண்டு நிகழ்வுகளின் முன்பின் வரிசையில் ஐயம் எழாது.

10 என்ற எண்ணுள்ள வரியிலிருந்து 12, 16, 17, 18 ஆகிய எண்களில் ஏதேனும் ஒன்றுள்ள வரி வரை அந்த முகவரி அந்த மேக்குக்கு உரியது என்று கொள்ளலாம். ஆனால் லீஸ் நிலுவையில் இருந்தது என்பதும், கணினி அந்த நிமிடத்தில் இயங்கிக்கொண்டிருந்தது என்பதும் வேறு வேறு. மூடி வைத்த மடிக்கணினியின் பெயரிலும் லீஸ் எட்டு நாட்கள் நீடிக்கும். கேள்விக்குரிய நேரத்தில் அது உண்மையில் நெட்வொர்க்கில் இருந்ததா என்பதற்கு உள்நுழைவு நிகழ்வோ ஃபயர்வால் வரியோ தனியாக வேண்டும்.

மேக் முகவரியும் எப்போதும் உறுதியான அடையாளம் அல்ல. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைபேசிகள் ஒவ்வொரு வைஃபை நெட்வொர்க்குக்கும் இயல்பாகவே தற்செயலான மேக் முகவரியைப் பயன்படுத்துகின்றன. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால், அது உற்பத்தியாளர் வழங்கியது அல்ல, சாதனத்திலேயே அமைக்கப்பட்டது என்று பொருள். அத்தகைய முகவரியை வைத்துத் தயாரிப்பு நிறுவனத்தைத் தேடுவதில் பயனில்லை. ரேடியஸ் பதிவில் உள்ள பயனர் பெயர் வழியாகத்தான் போக வேண்டும்.

லாக் நின்றுபோன மணி நேரங்களையும், எந்த பேக்கப்பிலும் கிடைக்காத நாட்களையும் அட்டவணையில் வெற்று வரிகளாக அல்லாமல் ‘தரவு இல்லை, காரணம் இது’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். இந்த அட்டவணை ஒரு மனிதரின் பெயரில் போய் முடியலாம். அவர்மேல் குற்றம் சுமத்தப்படுவதற்கு முன், இரண்டு தனித்தனி மூலங்கள் ஒரே விடையைச் சொல்கின்றனவா என்பதைப் படிப்பவர் அட்டவணையிலிருந்தே சரிபார்க்க முடிய வேண்டும்.

இந்த வேலை நடக்கும்போதே, ஒவ்வொரு டிஹெச்சிபி சர்வரிலும் நள்ளிரவு 12:30 மணிக்கு முந்தைய நாளின் கோப்பைத் தேதியிட்ட பெயரில் வேறொரு சர்வருக்கு நகலெடுக்கும் பணி ஒன்றை அமைத்துவிடுங்கள். அந்த இலக்குக் கோப்புறையில் புதிதாக எழுத மட்டும் அனுமதி கொடுங்கள். மைய அமைப்பை நிர்வகிக்கும் கணக்குக்கு அங்கே நீக்கும் உரிமை இருக்கக் கூடாது.